ஹூஸ்டனுக்குக் குடிவந்தாச்சு: குவில்ட் கடை, வகுப்பு, கூட உட்கார்ந்து தைக்க ஆள் எங்கே?

நூல்கண்டு (கேட்டி, டெக்சாஸ்)

எல்லாருக்கும் வணக்கம். வீட்டுக்காரரின் வேலை மாற்றலில் நியூஜெர்சி எடிசனிலிருந்து ஹூஸ்டன் பக்கம் வந்துவிட்டோம். பெட்டியெல்லாம் பிரித்து, பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்து, தையல் மிஷினையும் ஜன்னலோரம் வைத்தாச்சு. தைக்கத்தான் மனசு வரவில்லை. எடிசனில் எனக்குக் குவில்டிங் (துண்டுத் துணிகளைச் சேர்த்துத் தைத்து, உள்ளே பஞ்சு வைத்துப் போர்வை செய்வது) சொல்லிக்கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பாட்டி ஒருவர். சந்தேகம் என்றால் துணியைத் தூக்கிக்கொண்டு அவர் வீட்டுக்கு ஓடிவிடுவேன். இங்கே ஒருத்தரையும் தெரியாது.

நைன் பேட்ச், லாக் கேபின் மாதிரி டிசைன் வரைக்கும் தனியாகத் தைத்துவிடுவேன். மேல்துணி, பஞ்சு, அடித்துணி என்று மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் இடத்தில்தான் திணறல். நேர்கோடு போட வரும். துணியைக் கையாலேயே நகர்த்தி வளைவு வளைவாகத் தைக்கிற ஃப்ரீ மோஷன் வரவே மாட்டேன் என்கிறது. யூடியூப் பார்த்துப் பார்த்துக் கண் வலிதான் மிச்சம். அதற்கு நேரில் ஒரு வகுப்பு வேண்டும்.

கடை எங்கே, வகுப்பு எங்கே, அப்புறம் முக்கியமாக, கூட உட்கார்ந்து தைக்க ஆள் எங்கே கிடைப்பார்கள்? பகலில் கார் இருக்கும். ராத்திரியில் ஹைவேயில் ஓட்டத் தயக்கம். வீட்டுக்காரரின் வேலை விசாவோடு ஒட்டி வரும் எச்-4 விசா எனக்கு, அதையும் சொல்லிவிடுகிறேன்.

சுங்குடி (டல்லாஸ்)

வாங்க வாங்க, டெக்சாஸுக்கு. முதலில் ஒன்று: கூகுளில் "ஃபேப்ரிக் ஸ்டோர்" என்று தேடாதீர்கள். ஹில்கிராஃப்ட் சேலைக்கடையும், சோஃபாத் துணி விற்கிறவரும், கல்யாண கவுன் லேஸ் கடையும் வந்து நிற்கும். "குவில்ட் ஷாப்" என்றே தேடுங்கள். அதிலேயே இரண்டு ரகம் உண்டு. ஒன்று துணிக்கடை. இன்னொன்று பெர்னினா, ஜனோமி போன்ற மிஷின்களை விற்கிற டீலர் கடை, ஓரத்தில் துணியும் இருக்கும். துணித் தேர்வுக்கு முதல் ரகம். வகுப்புக்கு இரண்டாவது ரகம் பெரும்பாலும் தேவலை, ஏனென்றால் அங்கே வகுப்பறையும் மிஷின்களும் தயாராக இருக்கும். ஆனால் கவனம், சில இடங்களில் வகுப்பு முடியும்போது பேச்சு மெதுவாகப் புது மிஷின் பக்கம் திரும்பும். ஆயிரக்கணக்கான டாலர் சமாச்சாரம். சிரித்துக்கொண்டே நழுவி வந்துவிடுங்கள்.

ஜோஆன் என்ற பெரிய துணிக்கடைச் சங்கிலி இருந்த காலத்தில் இந்தக் கேள்விக்கு ஒரே வரியில் பதில் சொல்லிவிடலாம். 2025-ல் நாடு முழுக்க எல்லாக் கிளைகளையும் மூடிவிட்டார்கள். இப்போது நூல், ஜிப், பஞ்சு மாதிரி அவசரத்துக்கு ஹாபி லாபி என்ற கைவினைப் பொருள் கடை. நல்ல குவில்டிங் காட்டன் வேண்டுமென்றால் சின்னக் கடைதான், கெஜம் 12 முதல் 15 டாலர் வரை இருக்கும். விலையைப் பார்த்து முதலில் மூச்சு வாங்கும்.

ஊசிமுனை (பேர்லேண்ட்)

நூல்கண்டு, நீங்கள் எந்த ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியவில்லை போலிருக்கிறது! குவில்ட்காரர்கள் வருஷா வருஷம் விமானம் ஏறி வருகிற ஊர் இது. இன்டர்நேஷனல் குவில்ட் ஃபெஸ்டிவல் 1974-ல் இங்கேதான் ஆரம்பித்தது. அதைத் தொடங்கிய கேரி பிரெசன்ஹன் இதே ஊரில் குவில்ட் கடை வைத்திருந்தவர். இப்போது டவுன்டவுனில் ஜார்ஜ் ஆர். பிரவுன் கன்வென்ஷன் சென்டரில், அக்டோபர், நவம்பர் வாக்கில் நடக்கும். சில வருஷம் சரியாகத் தீபாவளியோடு மோதும். எனக்கு வீட்டில் அதனால் ஒரு பஞ்சாயத்து வழக்கமாக உண்டு.

ஃபெஸ்டிவலில் வகுப்புகள் நிறைய. உங்களுக்கு வேண்டிய ஃப்ரீ மோஷன் கண்டிப்பாக இருக்கும். பேர்பெற்ற ஆசிரியர்களின் வகுப்பு சீக்கிரம் நிரம்பிவிடும், அதனால் கோடையிலிருந்தே அவர்கள் வலைத்தளத்தில் ஒரு கண் வைத்திருங்கள். ஆனால் ஒரு விஷயம். அங்கே ஆள் பிடிக்கலாம் என்று போகாதீர்கள். கூட்டம் அலைமோதும், பக்கத்தில் உட்கார்ந்து அருமையாகப் பேசிய பெண்மணி மறுநாள் ஒஹாயோவுக்குக் கிளம்பிவிடுவார். பார்க்கவும் கற்கவும் ஃபெஸ்டிவல். உறவுக்கு கில்ட்.

கில்ட் என்றால் குவில்ட் தைப்பவர்களின் சங்கம், லாப நோக்கு இல்லாதது. மாதம் ஒரு கூட்டம். ஹூஸ்டன் சுற்றுவட்டாரத்தில் இப்படிப் பல இருக்கின்றன. சில பகலில் கூடும், சில மாலையில். உங்களுக்குப் பகல் கூட்டம்தான் சரி. எது நல்ல கில்ட் என்று ஆராயாதீர்கள், எது பக்கத்தில் என்று பாருங்கள். கேட்டியிலிருந்து கிளியர் லேக் பக்கம் போவதென்றால் ட்ராஃபிக்கில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிடும். எவ்வளவு நல்லவர்களாக இருந்தாலும் மூன்றாவது மாதம் போக மாட்டீர்கள்.

விருந்தினராக ஒரு தடவை போய்ப் பார்க்கலாம், ஐந்து பத்து டாலர் வாங்குவார்கள். சில இடத்தில் முதல் முறை இலவசம். பிடித்தால் வருஷ சந்தா கட்டிச் சேரலாம். அது ஒரு வகுப்புக் கட்டணத்தைவிடக் குறைவாகத்தான் இருக்கும் பெரும்பாலும். கூட்டத்தில் முதலில் வரவு செலவு அறிக்கை, பாட்லக் (ஆளுக்கொரு பதார்த்தம் கொண்டுவந்து சேர்ந்து சாப்பிடுவது) அறிவிப்பு என்று கொஞ்சம் கொட்டாவி வரும். அப்புறம் வெளியூர் ஆசிரியர் பேச்சு. கடைசியில் "ஷோ அண்ட் டெல்". தைத்ததை ஆளாளுக்குக் கொண்டுவந்து காட்டுவார்கள். இரண்டு பேர் மேல் முனைகளைப் பிடித்துத் தூக்க, தைத்தவர் பக்கத்தில் நின்று நாலு வார்த்தை பேசுவார். புதுசாகப் போகிறவருக்கு இந்த இடம்தான் வாசல். உங்கள் லாக் கேபின் பாதி தைத்ததாக இருந்தாலும் சரி, எடுத்துப் போங்கள். "நான் புதிதாக வந்திருக்கிறேன்" என்று வெறுங்கையோடு சொன்னால் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். துணியை விரித்துவிட்டால் பின்பக்கம் திருப்பிப் பார்க்கவே நாலு பேர் வருவார்கள்.

கில்டுக்குள்ளேயே "பீ" (bee) என்று சின்னச் சின்னக் குழுக்கள் இருக்கும். ஆறு, எட்டு பேர், யாராவது ஒருவர் வீட்டில் வாராவாரமோ மாதம் இருமுறையோ கூடித் தைப்பது. நீங்கள் தேடுவது உண்மையில் இதைத்தான். ஆனால் அந்தக் குழுவுக்குள் நேரடியாக நுழைய முடியாது, மாதக் கூட்டத்தில் முகம் பழகிய பிறகுதான் கூப்பிடுவார்கள். அதுவரை பொறுக்க முடியாதென்றால் கடைகளில் "ஓபன் ஸோ" என்று ஒரு நாள் வைத்திருப்பார்கள், உங்கள் மிஷினைத் தூக்கிக்கொண்டு போய் மேஜை பிடித்துத் தைக்கலாம். மிஷின் தூக்க முடியாதென்றால் கைத்தையல் வேலை ஏதாவது.

ஃபெஸ்டிவலில் தன்னார்வலராகப் போவதும் நல்ல வழி. வெள்ளைக் கையுறை போட்டுக்கொண்டு குவில்ட் பக்கத்தில் நிற்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். யாரும் தொடக்கூடாது என்பதால் பின்பக்கம் பார்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு அவர்கள்தான் ஓரத்தைத் திருப்பிக் காட்டுவார்கள்.

நூல்கண்டு

ஊசிமுனை அக்கா, இவ்வளவு விவரமாக எழுதியதற்கு நன்றி. இரண்டு சந்தேகம். பக்கத்தில் தேடிப் பார்த்த கில்டுகள் எல்லாம் சர்ச் ஹாலில் கூடுவதாகப் போட்டிருக்கிறது. நாம் போகலாமா? அப்புறம், படங்களில் பார்த்தால் எல்லாரும் அறுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரப் பெண்மணிகள். நான் போய் நின்றால் தனியாகத் தெரிய மாட்டேனா?

ஊசிமுனை

சர்ச் ஹால் வாடகை குறைவு, பார்க்கிங் பெரிசு, மடக்கு மேஜையும் நாற்காலியும் இருக்கும். அவ்வளவுதான் காரணம். கில்டுக்கும் மதத்துக்கும் சம்பந்தம் இல்லை. சர்ச் தானே நடத்தும் குவில்ட் குழு வேறு. அங்கே தைக்கும் ஒவ்வொரு போர்வைக்கும் ஜெபம் உண்டு. அதிலும் யாரையும் விரட்ட மாட்டார்கள், ஆனால் தெரிந்து போவது நல்லது.

தனியாகத் தெரிவீர்கள், ஆமாம். பெயரை மூன்று விதமாகச் சொல்வார்கள். பாட்லக்கில் எதில் கறி இல்லை என்று நீங்கள் விசாரித்துத்தான் சாப்பிட வேண்டியிருக்கும். பீன்ஸ் என்று நம்பி எடுத்தால் உள்ளே பன்றிக்கறித் துண்டு கிடக்கும். நான் எலுமிச்சை சாதம் கொண்டுபோவேன், காரம் குறைத்து. பாத்திரம் காலியாகித்தான் திரும்பும்.

வன்னித்தையல் (ஸ்கார்பரோ, கனடா)

தங்கச்சி, நான் ரொறன்ரோப் பக்கம். குவில்ற் குழுவில் முதல் முறை போய் இருந்தபோது எனக்கும் இதே யோசனைதான். ஒருத்தரும் கதைக்கவில்லை. அவர்கள் கெட்டவர்கள் இல்லை, இருபது வருசமாக ஒன்றாக இருக்கிற ஆட்கள், தங்களுக்குள் கதைக்கவே நேரம் போதாது.

நான் செய்த வேலை ஒன்றைச் சொல்கிறேன். எல்லாக் குழுவிலும் தானத்துக்கு குவில்ற் தைக்கிற ஒரு பிரிவு இருக்கும். ஆஸ்பத்திரியில் குறைமாதத்தில் பிறந்த பிள்ளைகளுக்கு, முதியோர் இல்லத்துக்கு, வீடு எரிந்தவர்களுக்கு. அந்தப் பிரிவுக்கு எப்பவும் ஆள் தட்டுப்பாடு. துணியை அவர்களே வெட்டிப் பையில் போட்டுத் தருவார்கள், நாங்கள் வீட்டில் தைத்துக் கொடுக்க வேண்டியதுதான். நான் இரண்டு பை வாங்கிப் போனேன். அடுத்த கூட்டத்தில் கொண்டுபோய்க் கொடுத்த உடனே அந்தப் பிரிவை நடத்துகிற அம்மா என்னைக் கையோடு கூட்டிக்கொண்டு போய் எல்லாருக்கும் அறிமுகம் செய்துவைத்தா. செலவும் இல்லை, ஓரத்திலிருந்து கால் அங்குலம் விட்டுப் போடுகிற தையல் நேராக விழப் பழக்கமும் ஆச்சு. அமெரிக்காவில் புரொஜெக்ட் லைனஸ் என்று பிள்ளைகளுக்குப் போர்வை கொடுக்கிற அமைப்பும் இருக்கு, 1995-ல் தொடங்கினது. உங்கட இடத்தில் அதன் கிளை இருக்குதோ பாருங்கோ.

கூட்டம் முடிய நாற்காலி அடுக்க நின்றாலும் கதை தொடங்கும். சரியான குளிர் நாளில், வந்தவர்கள் குறைவாக இருக்கும்போது போனால் இன்னும் நல்லது. உங்களுக்கு ஹூஸ்டனில் குளிருக்கு எங்கே போக!

பாபின்பாண்டி (சுகர்லேண்ட்)

இந்த இழையில் ஒரே ஆண் நான்தான் போல. என் கருத்து கொஞ்சம் வேறு. எதற்கு ஊர் ஊராக கில்ட் தேடி அலைய வேண்டும்? கேட்டி, சுகர்லேண்டில் நம்மவர்கள் இவ்வளவு பேர் இருக்கிறோம். பேர்லேண்ட் மீனாட்சி கோயிலுக்கு வார இறுதியில் போனால் பாதி ஊரைப் பார்க்கலாம். அங்கே ரவிக்கை தைக்கத் தெரிந்த அம்மாக்கள் ஏராளம். வாட்ஸ்அப்பில் ஒரு குழு ஆரம்பித்து, பத்துப் பேர் சேர்ந்து, மாதம் ஒரு வீடு. நம் மொழியில் பேசிக்கொண்டே தைக்கலாம், கறி இருக்கிறதா என்று பார்க்க வேண்டியதில்லை.

ஊசிமுனை

பாண்டி தம்பி, செய்து பார்த்தாச்சு. முதல் கூடுகைக்குப் பத்துப் பேருக்கு மேல் வந்தார்கள். தட்டை, கேசரி, காபி. தைத்தது ஒருவர். அடுத்ததில் பேச்சு முழுக்க பிள்ளைகளின் ஸ்பெல்லிங் பீயும் பரதநாட்டிய அரங்கேற்ற மண்டபமும். அதற்கடுத்தது நடக்கவே இல்லை. நம் மக்களைக் குறை சொல்லவில்லை, எனக்கும் அந்தக் கேசரி பிடிக்கும். ஆனால் குவில்ட் தைக்கிறவருக்கு வேண்டியது குவில்ட் தைக்கிற இன்னொருவர். ரவிக்கை தைக்கிறவர் கழுத்து வெட்டுவதில் கில்லாடியாக இருப்பார், கால் அங்குலத் தையலைப் பார்த்ததும் "இவ்வளவு ஓரத்தில் தைத்தால் பிரிந்துவிடுமே" என்பார்.

பாபின்பாண்டி

அக்கா, பத்துப் பேரைக் கூப்பிட்டதுதான் கோளாறு. நான் சொல்வது இரண்டு பேர். என் மனைவியும் பக்கத்துத் தெரு அக்காவும் செவ்வாய் செவ்வாய் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பிவிட்டு எங்கள் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்து தைக்கிறார்கள். எனக்கு வீட்டிலிருந்து வேலை, மீட்டிங் இல்லாத நேரத்தில் ஓரமாக நானும். காபி மட்டும்தான், பலகாரம் கிடையாது என்று முதல் நாளே பேசியாச்சு. அதனால்தான் நிற்காமல் நடக்கிறது.

சுங்குடி

பலகாரம் கிடையாது என்பதைப் பித்தளைத் தகட்டில் பொறித்து மாட்டலாம்.

நூல்கண்டு

சிரித்து முடியவில்லை. சரி, பக்கத்திலேயே ஒரு கில்ட் பகலில் கூடுகிறது, அடுத்த கூட்டத்துக்கு விருந்தினராக வருகிறேன் என்று எழுதிவிட்டேன். இன்னொரு கேள்வி. கடை ஒன்றில் என் ஃபோனில் இருந்த படங்களைப் பார்த்துவிட்டு, "எங்கள் கடையில் காட்சிக்கு மாட்ட ஒரு சாம்பிள் குவில்ட் தைத்துத் தருகிறாயா, கூலி தருவோம், வேண்டாமென்றால் துணியாக எடுத்துக்கொள்" என்றார்கள். எச்-4-ல் செய்யலாமா?

மட்டுறுத்துநர்

இதற்கு மட்டும் நான் குறுக்கிடுகிறேன். வேலை அனுமதி அட்டை இல்லாத எச்-4-ல் சம்பாதிக்கும் வேலை செய்யக்கூடாது. பணத்துக்குப் பதில் துணி வாங்கினாலும் அது கூலியாகக் கருதப்படலாம். தானப் பிரிவில் தைப்பது வேறு, கடைக்குத் தைப்பது வேறு. "இப்போது முடியாது, அட்டை வந்ததும் சொல்கிறேன்" என்று சொல்லிவையுங்கள். மேற்கொண்டு குடியேற்ற வக்கீலிடம்தான் கேட்க வேண்டும். இந்த இழையில் இதற்கு மேல் விசா பேச்சு வேண்டாம்.

ஊசிமுனை

நூல்கண்டு, கூட்டத்துக்குப் போகும்போது ஒரு பழைய பருத்திச் சேலையும் எடுத்துப் போங்கள், சொல்கிறேன். அடித்துணிக்கு இங்கே எல்லாரும் படும் பாடு பெரும்பாடு. சாதாரண குவில்டிங் காட்டன் அகலம் 42, 44 அங்குலம்தான். பெரிய கட்டிலுக்கு மூன்று துண்டு ஒட்ட வேண்டும், இல்லையென்றால் தனியாக 108 அங்குல அகலத் துணி வாங்க வேண்டும். நம் சேலை ஐந்தரை மீட்டர். நடுவில் வெட்டினால் இரண்டேமுக்கால் மீட்டர் நீளத்தில் இரண்டு துண்டு, அதாவது 108 அங்குலம். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரே ஒரு தையல் போட்டால் கிட்டத்தட்ட 90 அங்குல அகலம் வந்துவிடும். சுற்றிலும் நாலு அங்குலம் விட்டால்கூட 82-க்கு 100 வரை மேல்துணிக்குப் போதும். இந்தக் கணக்கைச் சொல்லிச் சேலையை விரித்தால் அன்றைக்கு ஷோ அண்ட் டெல்லில் நீங்கள்தான் கதாநாயகி.

ஜரிகை இல்லாத, கரை சின்னதான சேலையாக எடுங்கள். ஜரிகையில் ஊசி பட்டால் ஊசி முனை மழுங்கும், ஜரிகையும் சிம்பு சிம்பாக எழும். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பாருங்கள். உட்காரும் இடத்தில் நைந்திருந்தால் அந்தச் சேலை வேண்டாம். ரொம்ப நாள் கட்டித் துவைத்த சேலை சுருங்காது, சாயமும் விடாது. புதுச் சுங்குடியாக இருந்தால் தண்ணீர் தெளிகிறவரை தனியாக அலசாமல் வெள்ளைத் துணியோடு சேர்க்கவே கூடாது.

ஃப்ரீ மோஷன் வகுப்பு கிடைக்கும்வரை பழைய பெட்ஷீட்டில் பன்னிரண்டு அங்குலச் சதுரம் வெட்டி, நடுவில் பஞ்சு வைத்துப் பழகுங்கள். துணியை நகர்த்துகிற மிஷின் பல்லைக் கீழே இறக்கிவிட்டு, கால் பெடலை ஒரே வேகத்தில் மிதியுங்கள். புதியவர்கள் கையை வேகமாக இழுத்துப் பெடலை மெதுவாக மிதிப்பார்கள், தையல் காத தூரத்துக்கு ஒன்றாக விழும். கை மெதுவாக, பெடல் கொஞ்சம் வேகமாக. ஒவ்வொரு சதுரத்துக்கும் பின்பக்கம் திருப்பி, மேல்நூல் கண்ணிகண்ணியாகக் கீழே தொங்குகிறதா என்று பாருங்கள். கையில் ரப்பர் பிடிப்புள்ள தோட்ட வேலைக் கையுறை போட்டால் துணி வழுக்காது. ஒரு டாலர் கடையிலேயே இருக்கும்.

அவசரமாக ஒன்றை முடிக்க வேண்டுமென்றால் லாங் ஆர்ம் மிஷின் (முழுக் குவில்ட்டையும் சட்டத்தில் பூட்டி மூன்று அடுக்கையும் சேர்த்துத் தைக்கும் பெரிய மிஷின்) வைத்திருப்பவரிடம் கொடுக்கலாம். சதுர அங்குலத்துக்கு இத்தனை சென்ட் என்று கணக்கு. 60-க்கு 80 அங்குலக் குவில்ட் 4,800 சதுர அங்குலம், மூன்று சென்ட் என்றால் 144 டாலர். பஞ்சு தனி. கில்டில் லாங் ஆர்ம் வைத்திருப்பவர் யாராவது நிச்சயம் இருப்பார், அவரைத் தெரிந்துவைத்துக்கொள்வது எப்போதும் நல்லது.

ஒரு சனிக்கிழமை குடும்பத்தோடு லா கிரேஞ்ச் போய் வாருங்கள். ஐ-10-ல் மேற்கே போய் கொலம்பஸில் 71-ல் ஏறினால் வரும் சின்ன ஊர். டெக்சாஸ் குவில்ட் மியூசியம் 2011-லிருந்து அங்கே இருக்கிறது, பத்தொன்பதாம் நூற்றாண்டுக் கட்டிடத்தில். வீட்டுக்காரருக்கும் பிள்ளைகளுக்கும் கொலாச்சே (செக் நாட்டு பன்) வாங்கிக் கொடுத்துவிட்டால் உங்களை அவசரப்படுத்த மாட்டார்கள்.

கோவைப்பஞ்சு (கோயம்புத்தூர்)

இழையைக் கடத்துவதாக நினைக்காதீர்கள், என் கதை நேர் எதிர். அட்லாண்டாவிலிருந்து கோவைக்கே திரும்பி வந்துவிட்டோம். இங்கே குவில்ட் கடை என்று கேட்டால் மெத்தைக் கடைக்கு வழி சொல்கிறார்கள். மேல்துணிக்குக் குறைவில்லை. ஈரோட்டுச் சந்தைக்குத் திங்கள் ராத்திரி, செவ்வாயில் போனால் கேம்பிரிக், பாப்ளின் எல்லாம் அள்ளலாம், அங்கே 15 டாலர் கொடுத்ததை நினைத்தால் வயிறு எரிகிறது. பஞ்சுதான் பிரச்சினை. பாலியெஸ்டர் விரிப்பு கிடைக்கிறது, சென்னையிலிருந்து காட்டன் வரவழைத்தால் விலை. 2019 ஜனவரியில் சென்னையில் இந்தியா குவில்ட் ஃபெஸ்டிவல் நடந்ததே, அப்போது நான் ஊரில் இல்லை. இங்கே கோவை, திருப்பூர் பக்கம் யாராவது தைக்கிறீர்களா? இன்னொன்று, அமெரிக்காவில் வாங்கிய என் மிஷினை இன்னும் பெட்டியிலிருந்து எடுக்கவில்லை. ப்ளக் அடாப்டர் போட்டு ஓட்டலாமா?

பாபின்பாண்டி

அடாப்டர் மட்டும் போட்டு ஓட்டிவிடாதீர்கள்! அது ப்ளக் கம்பியின் வடிவத்தைத்தான் மாற்றும், மின்சாரத்தை மாற்றாது. இங்கே 120 வோல்ட், அங்கே 230. போட்ட நொடியில் போர்டு கருகிவிடும். ஸ்டெப் டவுன் டிரான்ஸ்ஃபார்மர் வாங்குங்கள். மிஷின் எத்தனை வாட்ஸ் என்று போட்டிருக்கிறதோ அதைப்போல இரண்டு மடங்காவது தாங்குவதாக. 50, 60 ஹெர்ட்ஸ் வித்தியாசம் தையல் மிஷினைப் பெரிதாகப் பாதிக்காது. இஸ்திரிப் பெட்டியை அதில் மாட்டவே மாட்டாதீர்கள், அது ஆயிரம் வாட்ஸுக்கு மேல் இழுக்கும், ஊரிலேயே புதிது வாங்கிக்கொள்ளுங்கள்.

சில மிஷின்களில் 100-240 வோல்ட் என்றே அச்சடித்திருக்கும், அதற்கு மட்டும் அடாப்டர் போதும். மிஷினின் அடியிலோ, வயர் சொருகும் இடத்துக்குப் பக்கத்திலோ ஒரு சின்னத் தகடு இருக்கும். அதைப் படம் எடுத்துப் போடுங்கள், பார்த்துச் சொல்கிறேன்.

சுங்குடி

கோவைப்பஞ்சு, திருப்பூரில் என் சித்தி பெண் பழைய சேலையில் குழந்தை விரிப்பு தைக்கிறாள், கைத்தையல்தான். பஞ்சுக்குப் பதில் உள்ளே இன்னொரு பழைய பருத்திச் சேலையை நாலாக மடித்து வைக்கிறாள். உங்கள் வெயிலுக்கு அதுவே அதிகம். தனிமடலில் எழுதுகிறேன், அவளிடம் கேட்டுவிட்டு எண்ணைத் தருகிறேன்.